நாலாம் மாடிக்கு வந்த நாலு கால்

தூரத்தில் இருந்துகொண்டே என்னை அதட்டும் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், ஆனால் ஒரே மாடியில் இல்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உனக்குப் போன் போட்டு மூக்கைச் சிந்தியிருக்கிறார் என்று தெரியும். அதைக் கேட்டுவிட்டு நீ எனக்கு அனுப்பிய செய்தியும் வந்தது, அம்மாவை உடனே மேலே கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கம்பெனியில் சொல்லி மெஷினையே திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவேன் என்று. பெற்ற அப்பனுக்கு நோட்டீஸ் விடும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். இதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே நீ வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய், அந்த டக்டக் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். கடிதத்துக்கு நடுவில் நீ புக முடியாது. எழுதி முடித்ததும் முதல் மாடிப் பல் டாக்டரிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன், அசல் தபாலில் பின்னால் வரும். முழுவதையும் படி, அப்புறம் கம்பெனிக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

செயலாளர் சொன்ன கதையில் நம் கட்டடம் ஏதோ அரண்மனை மாதிரி இருந்திருக்கும், அதனால் நீ இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்கு என்று கட்டியவன் விட்டுப்போன ஓட்டைக்குள் இன்னமும் உடைந்த சைக்கிள்களும் பூத்தொட்டிகளும்தான் குடியிருக்கின்றன. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் உள்ள படிகள் ஒன்று உயரம், ஒன்று குட்டை, அன்றைக்குக் கொத்தனாருக்கு வீட்டில் என்ன சண்டையோ. அந்தப் படியில்தான் அம்மா போன வருஷம் மழைக்கு முன்னால் சறுக்கி உட்கார்ந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படியின் தலைமாட்டில் நின்று கீழே பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். இறங்கப் பயம், ஏற முழங்கால் வலி. அவ்வளவுதான், நாலாம் மாடியோடு நின்றுவிட்டாள். டாக்டரைப் பார்க்க ஒரு தடவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம், வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், இனிமேல் செத்தால் மட்டும் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டாள். லிஃப்ட் வேண்டும் என்று நான் சங்கத்தில் எத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நம் சங்கக் கூட்டத்தின் வழக்கமும் உனக்குத் தெரியும். லிஃப்ட் விஷயத்தை எப்போதும் கடைசியில் வைப்பார்கள், அதற்கு முந்தின விஷயம் முடியும்போது டீ வரும், டீ குடித்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தும் இடம், காவலாளியின் விசில் எல்லாம் பேசுவார்கள். லிஃப்டும் நானும் காலி டம்ளர்களும் மிஞ்சுவோம்.

இந்த லட்சணத்தில்தான் பேரப்பிள்ளை எப்போது என்று உன் அம்மா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன வீட்டுக்கு நீ நாலு காலில் நடக்கிற மெஷின் பிள்ளை ஒன்றை அனுப்பி வைத்தாய். உங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்று சோதனை பார்க்க வேண்டுமாம், நீ நம் கட்டடத்தைக் காட்டிக் கொடுத்தாய். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செயலாளரைக் கேட்டாய். அவர் தரைத்தளத்தில் இருக்கிறவர், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார், லிஃப்ட் காகிதத்தைத் தவிர. பெட்டியைப் பிரித்து அதை நிறுத்தியபோது மொத்தக் கட்டடமும் கூடி நின்றது. தலை இல்லாத கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. மோட்டார் கடை வைத்து நானே பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவன், எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அந்த அனுபவத்தில் சொன்னேன், சமதரையில் இது நடக்கும், நம் மூன்றாம் மாடிப் படியில் ஏறாது, ஏறினால் என் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று. அது ஏறிவிட்டது. குட்டைப் படியில் ஒரு கால் வழுக்கியது, இன்னொரு காலை நகர்த்தி வைத்துத் தன்னைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. பல் டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே கையை வைத்துக் காட்டுகிறார். வழுக்கியதை ஏறியதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளவும் போவதில்லை, மீசை இருந்த இடத்தில் இருக்கிறது.

சோதனைக்கு வந்த மெக்கானிக் பெண் நல்ல பிள்ளை, பொறுமையானவள். இது எப்படி நடக்கக் கற்றது என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு தரை, பொய்யாக ஒரு படிக்கட்டு போட்டு, அதில் லட்சக்கணக்கான தடவை விழ வைத்துப் பழக்குவார்களாம், விழாத மாதிரி கால் வைத்தால் மார்க்காம். உன்னைச் சைக்கிள் பழக்கியபோது ஒரே ஒரு தடவை விழுந்ததற்கு உன் அம்மா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாள். முன்னெல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் கால் ஆட்டுவார்களாம், இப்போது மூட்டுக்கு மூட்டு மோட்டார் என்றாள். மோட்டார் என்றதும் எனக்குக் கை அரித்தது. காதை வைத்துக் கேட்டுப் பார்த்து, பின்னங்கால் ஒன்றில் பேரிங் போய்விட்டது என்று சொன்னேன். அவள் கழற்றிப் பார்த்தாள், மூட்டு இடுக்கில் உன் அம்மாவின் கொண்டை ஊசி இருந்தது. பேரிங்கும் சீக்கிரம் போய்விடும், எழுதி வைத்துக்கொள். அவள் போனில் மற்ற மெஷின்களின் வீடியோவும் காட்டினாள். இரண்டு காலில் நிற்கிறது, ஓடுகிறது, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுகிறது. ஏதோ ஊரில் மனிதர்களோடு ஓட்டப் பந்தயமே விட்டிருக்கிறார்கள், மெஷின் முன்னால் ஓட, அதைத் தாங்கிப் பிடிக்கவும் பேட்டரி மாற்றவும் மூச்சிரைக்க ஆட்கள் பின்னால் ஓடுகிறார்கள். எது ஓடுகிறது, எது ஓட்டப்படுகிறது என்றே எனக்குப் புரியவில்லை. கூடவே கொடுத்த அச்சுக் காகிதத்தில் பயன்கள் போட்டிருந்தது. இடிந்த கட்டடத்துக்குள் ஆள் தேடலாம், விஷவாயு கசியும் ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம், சுரங்கத்தில் நடக்கலாம், சுமை தூக்கலாம். இதெல்லாம் நல்ல வேலை, மனிதன் போய்ச் சாக வேண்டாத வேலை, நான் குறை சொல்லவில்லை. கடைசி வரியில் முதியோருக்குத் துணை என்று இருந்தது. விஷவாயுவுக்குப் பக்கத்தில் என்னைப் போட்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேலையை ஒழுங்காகச் செய்தது. காவலாளி கீழே பாலும் காய்கறியும் மாத்திரையும் முதுகுப் பெட்டியில் வைத்து மூடினால், அது ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்று பீப் என்று கூப்பிடும். அம்மா அதை வாசலிலேயே நிறுத்தி நாலு காலையும் துடைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். டேய், மழையில எங்கடா மிதிச்சிட்டு வந்த என்று அதனோடு பேச்சு வேறு. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நான் காய் வாங்கி வந்தால் என்ன இது முற்றிப்போன வெண்டைக்காய் என்று கேட்பவள், இனி நானே போய்ப் பார்த்து வாங்குகிறேன் என்று ஒரு வீம்புக்காவது சொல்பவள், அதைக்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். எல்லாம் வாசலுக்கு வந்துவிடும்போது வாசலைத் தாண்ட என்ன காரணம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் செயலாளர் இதையே பிடித்துக்கொண்டார். டீ வருவதற்கு முன்னால் நான் எழுந்து லிஃப்ட் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "மளிகை மேல வருது, மருந்து மேல வருது, பேப்பர் மேல வருது. இனிமே லிஃப்ட் எதுக்கு சார்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். "என் பொண்டாட்டி கீழ வரணும்யா" என்றேன். வரட்டுமே, யார் வேண்டாம் என்றது என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது. அன்றைக்கு நான் டீ குடிக்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அதன் பிறகுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது என்று நினைத்தேன். மெஷின் மேலே வந்து பெட்டியைக் காலி செய்த பிறகு உடனே இறங்காமல் நம் மாடிப்படியிலேயே வெகுநேரம் நிற்கிறது என்று காவலாளி முணுமுணுத்தான். மூன்றாம் மாடிக்காரர்கள் பாலுக்குக் காத்துக் கிடந்து என்னைத் திட்டினார்கள். நான் நூலகத்துக்கும் கடைக்கும் போகிற நேரத்தில்தான் இப்படி நடக்கிறது, நான் வீட்டில் இருக்கும்போது ஒழுங்காக இறங்கிவிடுகிறது. ஆகா, மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, இதைக் காட்டியே இதைத் துரத்திவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி. இந்த இயந்திரம் நம்பத் தகுந்ததல்ல, இதை நம்பி லிஃப்டைக் கைவிட்டது மடத்தனம் என்று செயலாளருக்கும் மெக்கானிக் பெண்ணுக்கும் காரசாரமாக ஒரு புகார் கொடுத்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைப் பாராட்டினாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

புகாரைப் பார்க்க மெக்கானிக் பெண் வந்தாள். வந்ததும் வந்தாள், மெஷினுக்குள் ஏற்ற ஓடுகிற பாடம் புதிதாகக் கொண்டு வந்திருக்கிறேன், கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஓட விட்டுப் பார்க்கலாம் என்றாள். சாயங்கால வெயில், எல்லோரும் கூடிவிட்டார்கள். குறை சொல்வதற்காகவே நான் முன்வரிசையில் நின்றேன். நம் வீட்டு ஜன்னல் எல்லாம் தெருப் பக்கம் இருப்பது உனக்குத் தெரியும், பின்பக்கம் என்ன நடந்தாலும் அம்மாவுக்குக் கைதட்டல்தான் கேட்கும், ஒன்றும் தெரியாது. மெஷின் முதலில் நடந்தது, அப்புறம் துள்ளி நடந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது ஓட விடுகிறேன் என்று அவள் சொன்னபோது பல் டாக்டர் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்து வாயைத் திறந்தார். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர் அப்படித் திறந்து நான் பார்த்ததில்லை. திரும்பினேன். படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் உன் அம்மாவின் முதுகு தெரிந்தது. வீட்டு நைட்டியோடு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைப் படிப் பக்கம் வைத்து, பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

உன் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. ஏறும்போது நேராக ஏறும், இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்கும், அதன் கால் மடங்கும் வாட்டத்துக்கு அதுதான் பத்திரம் என்று மெக்கானிக் பெண் எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அதைக் கேட்டு, முன்னால் பார்த்து இறங்கத் தெரியாத மாடு என்று கேலி செய்தேன். உன் அம்மா கேலி செய்யவில்லை. பின்பக்கமாக இறங்கினால் கீழே இருக்கும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாவிட்டால் தலை சுற்றாது, எதிரே இருப்பது இறங்கி முடித்த படி, கைக்கு எட்டும் தூரத்தில். நான் வெளியே போகிற நேரமாகப் பார்த்து அதனோடு சேர்ந்து அவளும் இறங்கிப் பழகியிருக்கிறாள், முதலில் இரண்டு படி, அப்புறம் நாலு, பிறகு முழங்காலைத் திட்டிக்கொண்டே அந்த நாலும் திரும்ப ஏறி வருவது. பக்கத்தில் ஆள் நின்றால் அதுவும் நிற்கும், அவள் ஒரு படி வைத்தால் அது ஒரு படி வைக்கும். அதைத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் புகார் கொடுத்தேன். இவ்வளவும் பிறகு அவள் வாயால் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கடைசிப் படியில் அவள் காலை வைத்துத் துழாவி, தரைதான் என்று நிச்சயம் செய்துகொண்டு, மெதுவாகத் திரும்பினாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. தரைத்தளத்துத் தையல்காரம்மா ஓடிப்போய் நாற்காலி போட்டாள். அம்மா உட்கார்ந்து நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓட்டத்த ஆரம்பிங்க, நான் வந்துட்டேன்" என்றாள்.

ஓடியது, மகளே, உண்மையாகவே நன்றாக ஓடியது, அதை நான் ஒளிக்கவில்லை. நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவதை நான் பார்த்தேன். சுவர் வரை போய்த் திரும்பும்போது யாரோ வண்டி கழுவிய சோப்புத் தண்ணீரில் சறுக்கி மல்லாந்து விழுந்து கரப்பான் பூச்சி மாதிரி காலை உதைத்தது. செயலாளர் அய்யோ என்று தலையில் கை வைத்தார். அது ஒரு புரள் புரண்டு எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடியது. உன் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "விழுந்துட்டு எந்திரிக்குது பாருங்க, கொஞ்சமாச்சும் கூச்சப்படுதா" என்று தையல்காரம்மாவிடம் சொன்னாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. வந்துவிட்டாள், எப்படிப் போவாள்.

எழுந்து இரண்டு படி ஏறிப் பார்த்தாள், மூன்றாவதில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, முகம் வெளுத்துவிட்டது. பழகும்போது ஏறியது நாலைந்து படி, இது நாலு மாடி. செயலாளர் உன் பிள்ளையின் முதுகைத் தட்டி இதில் உட்கார வைக்கலாமே என்றார், மெக்கானிக் பெண் அவரை முறைத்த முறைப்பில் கையை எடுத்துவிட்டார். நான்தான் நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடலாம் என்று ஆட்களைச் சேர்த்தேன். பல் டாக்டர், காவலாளி, இன்னும் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். உன் அம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். "தூக்கிட்டுப் போயி மேல வச்சிருவீங்க. மறுபடியும் எப்ப இறக்குவீங்க?" பல் டாக்டர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப நான் மேல வரல" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, பக்கத்தில் திறந்திருந்த சங்க அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் இன்று வரை அங்கேதான் இருக்கிறாள்.

உன்னிடம் செயலாளர் அவள் ஏதோ மூலையில் அனாதையாகக் கிடப்பது போல் சொல்லியிருப்பார். மேஜை, நாற்காலிகள், மின்விசிறி, பக்கத்திலேயே குளியலறை, ஜன்னலைத் திறந்தால் தெரு. தையல்காரம்மா மடக்குக் கட்டில் கொடுத்திருக்கிறாள். இது பொது அறை என்று செயலாளர் வந்து சொன்னார், நானும் பொதுவில் ஒருத்திதானே என்று அம்மா சொன்னாள், அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. இப்போது உன் பிள்ளைக்கு வேலை தலைகீழாகிவிட்டது. காலிப் பெட்டியோடு மேலே வருகிறது, நான் அதில் அம்மாவின் மாத்திரை, மாற்று உடை, சீப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் வைத்து அனுப்புகிறேன், பாரத்தோடு பின்பக்கமாக இறங்குகிறது. மெக்கானிக் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், பாரத்தோடு இறங்குவதற்கு இவ்வளவு நல்ல சோதனை வேறு எங்கேயும் கிடைக்கவில்லையாம். உட்கார்ந்து போராடுகிறவர்களுக்குத் தளவாடம் சுமக்கும் என்று உங்கள் அச்சுக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்.

அம்மாவும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காலையில் தையல்காரம்மாவோடு கேட் வரை, பிறகு மருந்துக் கடை வரை, அப்புறம் தெருமுனை வரை நடக்கிறாள். சமதரையில் அவளுக்கு வலி குறைவு. போன வாரம் செருப்புக் கடைக்குப் போயிருக்கிறாள். பழைய செருப்பு அலமாரியில் இருந்தபடியே இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, நான் ஒன்று வாங்கி வருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நடக்காதவளுக்கு எதற்குச் செருப்பு என்பாள். கடையில் ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து பார்த்து, கடைக்காரனை ஒரு வழியாக்கி, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கி வந்தாளாம். எனக்குக் காட்டினாள். நிறம் சகிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். வேறு இடம் இல்லாததால் அம்மா கட்டிலில் இருக்க, அவளைச் சுற்றித்தான் கூட்டம் நடந்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி என்று ஆரம்பித்தார். பேசினார்கள், பேசினார்கள், அரைத்த மாவையே அரைத்தார்கள். டீ வருகிற நேரம் வந்தது, டீ வரவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். உன் அம்மா முன்னாலேயே டீக்கடைக்காரனிடம் சொல்லி பிளாஸ்க்கை வாங்கித் தன் தலையணைக்குப் பின்னால் வைத்திருந்தாள். "லிஃப்ட் விஷயத்தப் பேசுங்க, அப்புறம் நானே ஊத்தித் தரேன்" என்றாள். நான் வருஷக்கணக்காகச் சட்ட விதி, பாதுகாப்பு விதி என்று நகல் எடுத்து எடுத்துக் கொடுத்தவன், எனக்கு இது தோன்றவே இல்லை, அந்த எரிச்சல் இன்னும் எனக்கு இருக்கிறது. வழக்கம் போல் தரைத்தளத்துக்காரர்கள், நாங்கள் ஏறப் போவதில்லை, எங்களுக்கு எதற்கு என்றார்கள். அங்கேதான் தையல்காரம்மா எழுந்தாள். அவளும் தரைத்தளம். எனக்கு வேண்டும், மொட்டை மாடி வெயிலில் ஒரு துணி காயவைக்க முடியாமல் நான் வராந்தாவில் கயிறு கட்டி எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறேன், லிஃப்ட் இருந்தால் ஈரத் துணிக் கூடையோடு மேலே போவேன் என்றாள். பக்கத்து வீட்டு அம்மாளும் ஆமாம் என்றாள். அவர்கள் கட்சி அந்த இடத்திலேயே பிளந்துவிட்டது. லிஃப்ட் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஓட்டையை அளக்கச் சொல்வது என்று தீர்மானம் போட்டுத்தான் அம்மா பிளாஸ்க்கைத் திறந்தாள். டீ ஆறிப் போயிருந்தது, இருந்தாலும் எல்லோரும் குடித்தார்கள்.

ஆனால் செயலாளர் லேசுப்பட்டவர் இல்லை. அளக்க வருகிறவர்களுக்கு இன்னமும் தேதி சொல்லாமல் வைத்திருக்கிறார். அம்மா அறையைக் காலி செய்து மேலே போகட்டும், மறுநாளே வரச் சொல்கிறேன் என்கிறார். மேலே போன மறுநாள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், டீ வரும். லிஃப்டில்தான் மேலே போவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். இவளை அசைக்க முடியவில்லை என்று தெரிந்துதான் அவர் உனக்குப் போன் போட்டார். நீ மெஷினை நிறுத்தினால் மேலும் கீழுமாகச் சுமக்கிறது நான்தான், என் மூச்சுக்கு எத்தனை நாள் தாங்கும், கடைசியில் அவள் எனக்காக இறங்கி வருவாள், இறங்கி வருவது என்றால் மேலே ஏறுவது. இது அவர் போட்ட கணக்கு. நீ பாசத்தில் அதற்குத் துணை போகிறாய். மனிதனைச் சுமக்கிற புது மெஷின் வருகிறது, அது வரும் வரை பொறுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். வரட்டும், நன்றாகச் செய்யுங்கள், இடிந்த கட்டடத்திலிருந்து ஆட்களைச் சுமந்து வரட்டும். நம் கட்டடம் இன்னும் இடியவில்லை. பொத்தானை அழுத்தி அவள் இஷ்டத்துக்கு இறங்கி அவள் இஷ்டத்துக்கு ஏற வேண்டும், யாரையும் எதையும் கூப்பிடாமல். உனக்குப் புரியும்படி சொல்வதானால், அவள் சரக்கு இல்லை.

அதனால் நீ கம்பெனியில் சொல்ல வேண்டியது ஒன்றுதான், சோதனைக் காலத்தை நீட்டிக்கச் சொல். மெக்கானிக் பெண்ணும் அதையே கேட்டு எழுதுகிறாளாம். செயலாளர் மறுபடி போன் போட்டால், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று எனக்குச் சொல்வாயே, அதை அவருக்குச் சொல். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. சமையல் செய்கிறேன், ஒரு பாத்திரம் கருகியது, அதை அம்மாவிடம் சொல்லாதே. அம்மா ஒரே ஆள் என்பதால்தான், அவள் சலித்துப் போய்விடுவாள் என்று செயலாளர் காத்திருக்கிறார், இரண்டு பேரைக் கிளப்புவது அவ்வளவு சுலபம் இல்லை. தையல்காரம்மாவிடம் இன்னொரு மடக்குக் கட்டில் இருக்கிறதாம். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு வீட்டைப் பூட்டி நானும் கீழே போகிறேன். தனியாக இருக்க முடியாமல் போகிறேன் என்று நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே, அந்த அறை மின்விசிறியின் மோட்டார் நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது, காற்று இங்கேயைவிட நன்றாக வரும், அவ்வளவுதான். என் தலையணையை உன் பிள்ளை முதுகில் ஏற்றப் போவதில்லை, நானே எடுத்துக்கொண்டு போவேன்.

நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்கும்படி, மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் மறக்காதே, அம்மாவுக்குப் போன் செய்யும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. இன்றைக்குத் தெருவில் என்ன பார்த்தாய் என்று கேள். அவளிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
மேல் வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படும் உன் அப்பா